விடியுமுன் அது யாருடைய கை?

1. தவராசா அண்ணாவின் இடது மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டினேன். கை எப்போது அசைகிறது, எப்போது ஓய்கிறது என்று அது இரவும் பகலும் பதிவு செய்யும்.
2. விடிகாலையில் தன்னால் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை என்று அவர் சொல்லியிருந்தார்.
3. இரண்டு வாரம் கழித்துப் பதிவை எடுத்துப் பார்த்தேன். விடிகாலையில்தான் அதில் கை சுறுசுறுப்பாக ஓடியிருந்தது.
4. கருவியைச் சோதித்தேன். பழுதில்லை.
5. அவரும் பொய் சொல்லவில்லை.

இந்த ஐந்தும் உண்மை. ஐந்தும் சேர்ந்து எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று கண்டுபிடிக்க எனக்குக் குளிர்காலத்தில் பாதி போயிற்று.

இதை இப்போது எழுதக் காரணம் தேன்மொழி. மதுரைப் பெண். பாரிஸில் நான் விட்டுவந்த மருத்துவமனைப் பிரிவில் இப்போது தொழில்நுட்பராக இருக்கிறாள். சென்ற வாரம் அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

“அக்கா, புது சாஃப்ட்வேர் வந்திருக்கு. பேஷன்ட் வாட்ச்சக் கழட்டி வெச்சுட்டா நடுவுல கேப் விழும்ல, அத அதுவே ஃபில் பண்ணிடுது. முன்னாடி பின்னாடி பாத்து ஒரு கணக்குல போட்டுடும். கர்வ் வழவழன்னு வருது. ஆன்லயே விட்றவாக்கா?”

‘அணைத்து வை’ என்று உடனே பதில் போட்டிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். அதற்கான பதில் நீளம்.

வேலைக்கால நினைவுகளை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவது வழக்கம். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. ஆனால் நான் செய்த வேலை இப்போது இல்லை. எங்கள் ஆய்வறையை மூடிய மாதத்தில், முதுமையால் விடைபெற்ற மருந்தக ஊழியர் ஒருவரோடு என்னையும் நிற்கவைத்து ஒரே கேக்கை வெட்டினார்கள். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, “இந்த வயசுல ரிட்டயர்டுன்னு வெளிய சொல்லிட்டுத் திரியாதே” என்றார். அம்மா மன்னிக்கவும்.

திருச்சியில் மருத்துவக் கருவியியல் படித்தேன். பாரிஸில் முதுகலை. புறநகரான சென் தெனியில் வாடகை அறை, பதின்மூன்றாம் எண் மெத்ரோ ரயிலில் நின்றபடி பயணம், மோசமான பிரெஞ்சு. பிறகு இந்த வேலை கிடைத்தது. பயிற்சிக் காலத்துக்கு இவ்வளவு போதும்.

எங்கள் பிரிவு உடலுக்குள் ஓடும் நேரத்தை அளந்தது. காய்ச்சல் மாலையில் ஏறுகிறது. ஆஸ்துமாக்காரருக்கு விடியுமுன் இழுக்கிறது. முடக்குவாதக்காரருக்குக் காலையில் விரல் மடங்குவதில்லை. இதெல்லாம் எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். ஏன் அப்படி என்பதுதான் எங்கள் கேள்வி. நோயை எதிர்க்கும் அணுக்கள் நாள் முழுவதும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில நேரம் இரத்தத்தில் சுற்றுகின்றன, சில நேரம் திசுக்களுக்குள் இறங்குகின்றன. அழற்சியைத் தூண்டும் சைகைகள் இரவின் பின்பாதியில் உயர்கின்றன. அவற்றை அடக்கும் கார்ட்டிசால் என்ற சுரப்பு விடியலை ஒட்டித்தான் உயர்கிறது. முடக்குவாதக்காரருக்கு அது போதாமலும் போகிறது. அந்தச் சைகைகள் மூளையையும் எட்டுகின்றன. அப்போது மனிதருக்குப் பேசப் பிடிப்பதில்லை, சாப்பிடப் பிடிப்பதில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். வீட்டார் அதைக் குணம் என்கிறார்கள். அதில் எவ்வளவு குணம், எவ்வளவு நேரம்?

இதை அளப்பதென்றால், நேரத்தைச் சொல்லும் எல்லாவற்றையும் அந்த மனிதரிடமிருந்து விலக்க வேண்டும். அதற்காகத்தான் அறை. ஜன்னல் கிடையாது. விளக்கு எப்போதும் ஒரே மங்கலில் எரியும். வந்தவர் ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டி, கட்டிலில் பாதி சாய்ந்தபடி விழித்திருப்பார். காலை உணவு, இரவு உணவு என்று எதுவும் இல்லை. மணிக்கொரு முறை அதே சிறு ரொட்டித் துண்டு, அதே அளவு பாலாடைக்கட்டி, அதே தண்ணீர். கையில் செருகிய மெல்லிய குழாய் சுவரில் உள்ள துளை வழியாக அடுத்த அறைக்குப் போகும். இரத்தத்தை அங்கிருந்து எடுப்போம். கைபேசி கூடாது. ஊழியர்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாசலில் இருக்கும் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். ஆண்கள் எந்த முறைக்கு வந்தாலும் முகம் மழித்துவிட்டு வர வேண்டும். தாடியின் நிழலும் நேரம் சொல்லும். காபி வாசனையோடு நுழையக் கூடாது. கொட்டாவி வந்தால் வெளியே போய் விட வேண்டும்.

கடினமான விதி, முகமன். பாரிஸில் போன்ழூர் சொல்லாமல் ரொட்டிக்கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் கண்ணுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். எங்கள் அறையில் போன்ழூர் சொன்னால் அந்த ஆய்வே கெட்டது. பகலெல்லாம் போன்ழூர், பொழுது சாய்ந்தால் போன்சுவார். வாயைத் திறந்தாலே மணி வெளியே வந்துவிடும். முதல் வாரத்தில் நான் எதையும் சொல்லப் பயந்து, கை கூப்பி வணக்கம் என்றேன். என் மேலதிகாரி மதாம் லெஃபோர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“அந்தச் சொல் எந்த நேரத்துக்கு?”

“எந்த நேரத்துக்கும், மதாம்.”

“நள்ளிரவில்?”

“நள்ளிரவிலும் சொல்லலாம்.”

அன்று முதல் அறையின் அதிகாரபூர்வமான முகமன் வணக்கம். பிரெத்தாஞ் பகுதியைச் சேர்ந்த எங்கள் தாதி, அறை மூடும்வரை எல்லோரையும் “வனாக்காம்” என்றுதான் வரவேற்றாள்.

மதாம் லெஃபோர் நின்றுகொண்டே வேலை செய்பவர். புதுப் பென்சில் வந்தால் முதலில் அதன் பின்னால் இருக்கும் அழிப்பானை வெட்டி எறிவார். பதிவில் வளைகோடு விநோதமாக வந்தால் ‘பிழை’ என்று சொல்ல மாட்டார். பென்சில் முனையை அந்த இடத்தில் வைத்து, “இந்த நேரத்தில் இவர் யாராக இருந்தார்?” என்று கேட்பார். பசித்தவராக, கோபக்காரராக, தூங்குவதுபோல் நடிப்பவராக என்று நாங்கள் பதில் கண்டுபிடித்து வர வேண்டும். ஒரு மனிதர் ஒரு நாளில் பல பேர் என்பது அவருடைய கட்சி. எந்த ஆளை அளந்தோம் என்று தெரியாமல் எண்ணை எழுதுவது அவருக்கு அநாகரிகம், வாயில் உணவோடு பேசுவதைப் போல.

இனி தவராசா அண்ணா. அவரும் அவர் மனைவியும் சம்மதித்ததால் எழுதுகிறேன், பெயர்களை மாற்றியிருக்கிறேன். வன்னியிலிருந்து வந்தவர். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு கடையில் ரொட்டி மாஸ்டர். அவரை நோயாளியாக அறிவதற்கு முன்பே, அந்தக் கடையில் சாப்பிடுபவளாக அறிவேன். மாலையில் அந்தத் தெருவில் திரும்பினால், இரும்புத் தகட்டில் அவர் கொத்து ரொட்டி அடிக்கும் சத்தம் கடைக்கு முன்பாகவே வந்து சேரும். அவருடைய மூட்டு மருத்துவர் அவரை எங்கள் ஆய்வுக்கு அனுப்பியிருந்தார். பிரிவின் வாசலில் என்னைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

“இஞ்சை பார், வெங்காயம் கூடப் போடச் சொல்லுற இந்தியாத் தங்கச்சி!”

அவருடைய சிக்கல் இது. கடை முதலாளி புத்தாண்டு முதல் காலைச் சாப்பாடும் தொடங்கப் போகிறார். தவராசா அண்ணா விடியுமுன் வந்து மாவு பிசைந்து, ரோல்ஸ் சுருட்டி வைக்க வேண்டும். முடியாதென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அந்த நேரத்தில் அண்ணாவின் விரல்கள் மடங்காது. அதை முதலாளி நம்பவில்லை. நம்பாததில் நியாயமும் இருந்தது. அந்த வாரம் நான் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னிடமே வழக்கை வைத்தார்.

“தங்கச்சி, நீங்களே பாருங்கோ. உந்தக் கை அடிக்கிற அடியில மேசை ஆடுது. உந்தக் கைக்குத்தான் காலமை வருத்தமாம். வருத்தம் என்ன, ட்ரெயின் மாதிரி நேரம் பாத்து வாறதோ?”

தகட்டின் பின்னாலிருந்து பதில் வந்தது. “ட்ரெயின் பிந்தும் முதலாளி. இது ஒருநாளும் பிந்தாது.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். ஆனால் முடிவை மாற்றவில்லை. ஊழியர்களின் உடல்நிலையைப் பார்க்கும் வேலைத்தல மருத்துவர் ஒருவர் இருக்கிறார்; அவர் எழுதிக் கொடுத்தால்தான் முதலாளி கட்டுப்பட வேண்டும். அவரோ, மாலையில் பரிசோதித்தபோது நன்றாக மடங்கிய விரல்களைப் பார்த்துவிட்டு, நிபுணர்களிடமிருந்து ஏதாவது கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்த நிபுணர்கள் நாங்கள்.

கருவியைக் கட்டிய நாளில் மனைவி வசந்தி அக்காவும் கூட வந்திருந்தார். சென் தெனியில் அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர். இன்னும் இருட்டாக இருக்கும்போதே வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

“நேரம் காட்டாத மணிக்கூட்டுக்கு இவ்வளவு மரியாதையோ?” என்று அண்ணா கையைத் திருப்பிப் பார்த்தார்.

“கழட்டாதீங்கண்ணா. கழட்டி வெச்சா அது அசையாம கிடக்கும், பதிவுல இடைவெளி விழுந்துடும்.”

வசந்தி அக்கா தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். “இடைவெளி விழக் கூடாது.”

இரண்டு வாரம் கழித்துப் பதிவைத் திரையில் விரித்தேன். நள்ளிரவுக்குப் பிறகு ஆர்.இ.ஆர். ரயிலில் வீடு இருக்கும் வில்லியே லே பெல்லுக்குத் திரும்பும் அசைவு சரியாக இருந்தது. உறக்கம் சரியாக இருந்தது. விடியுமுன் கை விழித்தது. விறைத்த கை மெல்ல, விட்டு விட்டு அசையும். இது சீராக, நீளமாக, ஒரே தாளத்தில் போய்வந்தது. கருவியில் ஒளி உணரியும் உண்டு. வெளியே குளிர்கால இருட்டு; பதிவிலோ கூரை விளக்குகளின் வெளிச்சம். முற்பகலில் மறுபடி இருட்டு, உறக்கம்.

யார் பார்த்தாலும் ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள். இவர் காலையில் எங்கோ இன்னொரு வேலை செய்கிறார். அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கை விறைக்கிறது என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்தப் பதிவு வேலைத்தல மருத்துவரின் மேசைக்குப் போனால் காலை வேலையிலிருந்து அவருக்கு விடுதலை கிடைக்காது. பொய்யர் என்ற பெயர்தான் கிடைக்கும்.

மதாம் லெஃபோர் அச்சிட்ட தாளைச் சுவரில் ஒட்டி, பென்சில் முனையை விடியலில் வைத்தார்.

“இந்த நேரத்தில் இவர் யாராக இருந்தார்?”

“இன்னொரு வேலைக்காரராக, மதாம்.”

“பார்த்தீர்களா?”

“இல்லை.”

“அப்படியானால் கேளுங்கள். குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள். அந்தக் குரலில் கேட்டால் மனிதர்கள் வேறு ஆளாகிவிடுவார்கள். எனக்கு வேண்டியது அந்த நேரத்து ஆள்.”

இருவரையும் வரச்சொன்னேன். கருவியை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, “அண்ணா, விடியக்காலைல நீங்க எங்க இருப்பீங்க?” என்று கேட்டேன்.

“வேற எங்கை? கட்டில்லதான். உயிர் போற நோ. இவ எழும்பிப் போறதும் தெரியும், மகள் பள்ளிக்கூடம் போறதும் தெரியும். ஆரோடையும் கதைக்க ஏலாது.”

“கதைக்க ஏலாதோ?” என்றார் வசந்தி அக்கா. “ஆரும் வாய் திறந்தாப் பாய்வார். மகள் என்ன சொல்லுறவள் தெரியுமே, தங்கச்சி? எனக்கு ரெண்டு அப்பா, காலமை அப்பா ஒராள், பின்னேர அப்பா ஒராளாம். பின்னேர அப்பாட்டைத்தான் கையெழுத்து வாங்குவாளாம்.”

அண்ணா தரையைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். கட்டிலில் கிடந்தவரின் கை கூரை விளக்குகளுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் எழுந்தார்கள்.

வாசலில் வசந்தி அக்கா தயங்கினார். “தங்கச்சி, கேட்டாக் குறை நினையாதேங்கோ. நீங்கள் ஆஸ்பத்திரி ஆள்தானே. இதுக்கு என்ன பூசலாம்?”

சட்டைக் கையை உயர்த்தினார். இடது மணிக்கட்டில் சிவந்த தடிப்பு. முனைகள் மழுங்கிய சதுரம். அதன் எதிர்ப்புறம் வார்ப்பூட்டு அளவுக்குச் சின்னதாக இன்னொன்று. சொறிந்து சொறிந்து நீர் கோத்திருந்தது.

நிக்கல் கலந்த உலோகத்தோடு சிலருடைய தோல் சண்டை போடும். கவரிங் தோடு போட்டுக் காது புண்ணானவர்களுக்கு இது தெரியும். தோலில் காவல் இருக்கும் எதிர்ப்பு அணுக்கள் ஒரு முறை அந்த உலோகத்தை எதிரி என்று முடிவு செய்துவிட்டால் பிறகு மறப்பதில்லை. நான் தட்டிலிருந்த கருவியை எடுத்து அவருடைய தடிப்புக்கு மேலே, தொடாமல் பிடித்தேன். சதுரம் சதுரத்தின் மேல் பொருந்தியது.

ஆனால் வாயில் வந்தது வேலைப் பழக்கத்தின் கேள்வி. “எப்பக்கா ரொம்ப அரிக்குது?”

“பின்னேரத்தில இருந்துதான். காலமை பேசாமல் கிடக்கும். படுக்கேக்கை பிய்ச்சுத் தின்னும்.”

கணவருக்கு விடியலில் உச்சம், மனைவிக்கு இரவில். ஒரே வீட்டில் இரண்டு உடல்கள் இரண்டு நேரங்களில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அதை வியந்து முடித்த பிறகுதான் உண்மையான கேள்வியைக் கேட்டேன்.

“அக்கா, இத நீங்க கட்டினீங்களா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அண்ணா முந்திக்கொண்டார்.

“அவவில பிழை இல்லை. விடியுமுன்னம் கை வீங்கும், தங்கச்சி. வார் அழுத்தத் தொடங்கினா நிக்க ஏலாது. கழட்டுவன். கழட்டினா இடைவெளி விழும் எண்டு நீங்கள் சொன்னனீங்கள்.”

“நான் வேலைக்கு எழும்புற நேரம்தானே,” என்றார் வசந்தி அக்கா. “அதுதான் கட்டிக்கொண்டு போனனான். வந்து இவருக்குத் திருப்பிக் கட்டி விடுவன். மனுசன்ரை கையோ மனுசியின்ரை கையோ, கை கைதானே எண்டு நினைச்சன்.”

“ஏன்க்கா, சும்மா மேசைல வெச்சிருக்கலாமே?”

அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “தங்கச்சி, நீங்கள் விசாவோடை வந்து இறங்கினனீங்கள். இவருக்கு விசா இல்லாத காலத்தில விசா குடுக்கிற பிரிபெக்சரிலை ஒரு மாதச் சம்பளத் துண்டு இல்லையெண்டு முழு டொசியே பைலையும் திருப்பித் தந்தவங்கள். முழுசா ஒரு வருசம் திரும்ப அலைஞ்சம். இடைவெளி எண்டு ஒருத்தர் சொன்னா எனக்கு நெஞ்சு பதறும். எதையாவது வைச்சு அடைச்சுப் போடுவன்.”

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அவருடைய நோய் எந்த நேரத்தில் மிகக் கடுமையாக இருந்ததோ, சரியாக அந்த நேரத்தில்தான் அதனாலேயே கருவி அவர் கையில் இல்லை. நாங்கள் தேடியது அந்த வெற்றிடத்துக்குள் இருந்தது. அக்கறையான ஒரு மனைவி, தரை துடைக்கும் தன் கையால் அதை நிரப்பியிருந்தார்.

“இப்ப எங்களை ஆய்வில இருந்து விலத்திப் போடுவினமோ?” என்று அண்ணா கேட்டார். “மருத்துவரைப் பாக்கிற ரொந்தேவூ நாள் வருது. கொண்டுபோக என்னட்டை வேற ஒண்டும் இல்லை.”

 விதிப்படி விலக்கத்தான் வேண்டும்.

மதாம் லெஃபோரிடம் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சுவரில் இருந்த தாளுக்குத் திரும்பினார்.

“ஆக, இந்த நேரத்தில் இவர் தன் மனைவியாக இருந்தார்.”

“ஆமாம், மதாம்.”

“என் கேள்விக்கு இவ்வளவு நேரான பதில் இதுவரை யாரும் கொண்டுவந்ததில்லை.” பிறகு அந்த அம்மாவின் கைத் தாளத்தைப் பென்சிலால் தொட்டார். “எவ்வளவு ஒழுங்கு! இவர் தரையைத் துடைக்கும் அலுவலகத்தில் யாருக்காவது இது தெரியுமா?”

பதிவை நிராகரித்தார். நிராகரித்த காரணத்தை ஒரு பக்கம் எழுதினார். விடியலில் ஏற்படும் வீக்கத்தால் வாரைத் தாங்க முடியவில்லை. அந்தத் தகவலை ஆய்வின் முடிவுகளில் சேர்க்க வேண்டும். பங்கேற்பாளரை அறைக்குள் அளக்க அனுமதி வேண்டும். நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினார். அனுமதி மருத்துவரின் நாளுக்குக் கொஞ்சம் முன்னதாக வந்து சேர்ந்தது. வசந்தி அக்காவிடம் தடவக் களிம்பும், இனி உலோகப் பூட்டு வைத்த வாரைத் தொட வேண்டாம் என்ற அறிவுரையும் கொடுத்தேன்.

அறைக்குள் வந்த தவராசா அண்ணாவை வனாக்காம் என்று தாதி வரவேற்றதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அளவை இப்படி: மணிக்கொரு முறை, முதலில் இப்போது வெளியே என்ன நேரம் இருக்கும் என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகே, பிடியின் பலம் காட்டும் அளவுமானியோடு இணைத்த இரப்பர் உருண்டையை அமுக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் அமுக்கினால் கை நாக்குக்கு நேரம் சொல்லிவிடும் என்பார் மதாம். கடைசியாக ஒரு கேள்வி: இப்போது யாரோடாவது பேச விருப்பமா?

முதல் சில முறை அவர் பேச்சை நிறுத்தவே இல்லை.

“தங்கச்சி, இப்ப கடை பூட்டியிருப்பினமோ?”

“தெரியாதுண்ணா.”

“உங்களுக்குத் தெரியும். சொல்ல மாட்டியள். இந்தியாவில வாயை வாடகைக்கு விட்டிட்டு வந்தனீங்களோ?”

பின்னர் பேச்சு குறைந்தது. ரொட்டித் துண்டைத் தொடாமல் வைத்தார். பேச விருப்பமா என்று கேட்டேன், பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டேன் போலும் என்று நினைத்தேன். அவருடைய மகள் தினமும் காலையில் இதைத்தான் நினைத்திருப்பாள்.

அடுத்த முறை நேரம் கேட்டபோது, “மத்தியானம் தாண்டியிருக்கும்” என்றார் எரிச்சலாக. வெளியே இன்னும் விடியவில்லை.

உருண்டையைக் கையில் வைத்தேன். விரல்கள் அதைச் சுற்றி வளைய முயன்று பாதியில் நின்றன. அளவுமானியின் முள் அசையவே இல்லை. அவர் கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், வேறு யாருடையதோ போல.

“நான் மத்தியானம் எண்டுறன். இவன் விடியப்போகுது எண்டுறான்.” கையை மடியில் இறக்கி வைத்து, “இவன் சொல்லுறதுதான் சரி, என்ன?” என்றார்.

பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. உருண்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கூடையிலிருந்து என் கடிகாரத்தை எடுத்தபோது, மணி பார்க்க எனக்கே கொஞ்சம் தயக்கமாக இருந்தது.

வெளியே நண்பகல் நெருங்கியபோது முள் பழைய இடத்துக்குத் திரும்பியது. பேச்சும் திரும்பியது. சோதனைச்சாலையிலிருந்து வந்த இரத்த முடிவில், அழற்சிச் சைகைகள் அவர் மௌனமாவதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருந்தன. பிடி தளர்ந்தது அதற்குப் பிறகு. பேச்சு முதலில் போனது, கை பிறகு போனது. இந்த வரிசை எனக்கு அப்போது பெரிய வியப்பு. மதாம் லெஃபோர் என்னைத் தரையில் இறக்கினார்: ஒருவருடைய ஓர் இரவு எதையும் நிறுவாது. ஆனால் அந்த ஒருவரின் கையைப் பற்றிச் சொல்ல அது போதும்.

சொன்னார். வேலைத்தல மருத்துவருக்கு அவர் எழுதிய கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. நேரத்தை அறியாத மனிதரின் கை நேரத்தை அறிந்திருந்தது என்ற வரி அதில் இருந்தது. நண்பகலுக்கு முன் வேலையில் அமர்த்தக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். முதலாளி அதைப் படித்துவிட்டு, “அப்ப உம்மடை வருத்தத்துக்கு டைம்டேபிள் இருக்குத்தான்” என்றாராம். “பின்ன? ஆர்.இ.ஆரை விடத் திறம்” என்று தான் பதில் சொன்னதாக அண்ணா பெருமையாகச் சொன்னார். காலை ரோல்ஸுக்கு வேறு ஒருவரைப் பிடித்தார்கள். அவர் சுருட்டும் ரோல்ஸ் பிரிந்துவிடுகிறது என்பது அண்ணாவின் கருத்து.

அந்தக் காலம் போய்விட்டது. அறை செலவு பிடித்தது. வீட்டிலேயே அணியும் கருவிகள் மலிவாகிவிட்டன. குறை சொல்வதற்கில்லை. அறையில் ஓர் இரவு இருந்தவரை, இப்போது அவருடைய சொந்த வீட்டில் பல மாதம் பார்க்கலாம். ஆனால் இடைவெளியைத் தானே நிரப்பும் மென்பொருள் செய்வது வசந்தி அக்கா செய்ததைத்தான். அக்காவின் மணிக்கட்டிலாவது ஒரு தடிப்பு இருந்தது. மென்பொருளுக்குத் தோல் இல்லை. இதுதான் தேன்மொழிக்கு என் பதில்.

இப்போதைய நிலை இது. எங்கள் அறையில் மருத்துவமனை அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறது. மதாம் லெஃபோர் ஓய்வு பெற்றுவிட்டார். நான் மருந்துகளைக் குளிரில் வைக்கும் பெட்டிகளின் வெப்பமானிகளைச் சரிபார்க்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். தவராசா அண்ணா மாலை வேலையில் இருக்கிறார். விடியலில் இன்னமும் விரல்கள் மடங்குவதில்லை. மகள் தேர்வு முடிவுகளை மாலையில்தான் காட்டுகிறாள். தேன்மொழி அந்த வசதியை அணைத்துவிட்டாள். அணைத்ததும் இரண்டு நோயாளிகளின் பதிவில், தினமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், வெற்றிடம் தெரிந்தது. அந்த நேரத்தில் ஏன் கழற்றுகிறார்கள் என்று கேட்க அவர்களை அழைத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை வருகிறார்கள்.